12 வாரத்தில் போகிற வைரஸுக்கு ஏன் இத்தனை புலம்பல்?

வந்த கேள்வி: "அப்பாவுக்கு ஈரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் சி வைரஸ் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. 12 வாரம் மாத்திரை போட்டால் போய்விடும் என்கிறார்கள். அப்படியானால் இந்த நோய்க்காரர்கள் டாக்டர், காப்பீடு, ஆஸ்பத்திரி என்று எல்லாரையும் ஏன் இன்னும் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள்? வைரஸ் போனால் சந்தோஷம் தானே?"

2024 ஜனவரி 14, இரவு

திட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி, அதனால் நானே சொல்கிறேன். 12 வாரம் என்பது உண்மை. ஒரு கூட்டு மருந்துக்குப் பலருக்கு 8 வாரமே போதும். நூறு பேர் ஒழுங்காகப் போட்டு முடித்தால் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள், அதுவும் உண்மை. அந்த 12 வாரம் என் கைக்கு வந்து சேர 14 வருடம் ஆனது. 2003ல் நோய் தெரிந்தது, 2017ல் மாத்திரை கிடைத்தது. நான் திட்டுவது அந்த 14 வருடத்தை.

ஜனவரி 15

நேற்று கொஞ்சம் சூடாகிவிட்டேன். விவரமாகச் சொல்கிறேன்.

1986ல், சிறு வயதில், எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதில் தான் இது வந்திருக்க வேண்டும், வேறு வழி எதுவும் தோன்றவில்லை. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அப்போது இந்த வைரஸுக்குப் பெயரே கிடையாது. 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்று தான் டாக்டர்களே அந்த ஈரல் நோயைக் குறிப்பிட்டார்கள். 1989ல் தான் வைரஸ் அகப்பட்டது. தானம் கொடுக்கிற ரத்தத்தைச் சோதிப்பது 1990ல் தொடங்கியது. ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹவுட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் இதற்காக 2020ல் நோபல் கொடுத்தார்கள். டிவியில் அதைப் பார்த்து நான் கைதட்டினேன். வீட்டில் வேறு யாருக்கும் ஏன் என்று புரியவில்லை.

2003ல் நானே ரத்தம் கொடுக்கப் போனேன். சில வாரத்தில் கடிதம் வந்தது. ரத்தத்தைப் பயன்படுத்த முடியாது, மருத்துவரைப் பாருங்கள் என்று இரண்டே வரி. மருத்துவர் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் ரத்தச் சோதனை எடுத்துப் பார்த்தார். நார்மல். "ஈரல் நன்றாகத் தான் இருக்கிறது. ஒன்றும் அவசரமில்லை" என்று அனுப்பிவிட்டார். எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருக்கும்போதே உள்ளே தழும்பு ஏறிக்கொண்டிருக்கலாம் என்பது ஒன்றரை வருடம் கழித்துத் தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் நானாகப் படித்து.

ஜனவரி 15, தூக்கம் வராமல்

விரல் விட்டு எண்ணினேன். "ஒன்றும் அவசரமில்லை" என்று என்னிடம் சொன்ன டாக்டர்கள் மொத்தம் ஆறு பேர். அதில் ஒருவர் மட்டும் "அவசரமில்லை, ஆனால்..." என்று இழுத்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் மற்ற ஐவர் மேலும் சேர்த்து இல்லை. அவரைப் பற்றி அப்புறம்.

ஜனவரி 18

இந்த மாத்திரைகள் வருமுன் நான் போட்டுக்கொண்ட ஊசி மருந்து, இன்டர்ஃபெரான், எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள்.

இன்டர்ஃபெரான் என்பது நம் உடம்பே வைரஸோடு சண்டை போடும்போது சுரக்கிற பொருள். ஃப்ளூ காய்ச்சலில் கை கால் முறிகிற மாதிரி வலிக்கிறதே, அதில் அதற்கும் பங்கு உண்டு. அதையே ஊசியில் அடைத்து வாரம் ஒருமுறை வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும். எனக்கு வைரஸ் வகை 1. அதனால் 48 வாரம், 48 ஊசி. வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டால் சனி, ஞாயிறு கிடந்துவிட்டு திங்கள் வேலைக்குப் போகலாம் என்று ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த மருத்துவ ஆலோசனை அது தான்.

கூடவே தினமும் ரிபாவைரின் மாத்திரை. அது சிவப்பணுக்களை உடைக்கும். ஹீமோகுளோபின் 13ல் இருந்து 9க்கு இறங்கியது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். முடி கொட்டியது. அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆகாமல் போனது மனசு. சாவியைக் காணோம் என்பதற்காகக் கணவரைப் பார்த்துக் கத்தி, கத்தியதற்காக ஒரு மணி நேரம் அழுதிருக்கிறேன். அடுத்த சந்திப்பில் இதைச் சொன்னபோது டாக்டர் கோப்பில் இருந்து தலையைத் தூக்காமலே, "ஆமாம், அது வரும்" என்றார். மருந்துத் தாளில் அச்சடித்திருக்கிற பக்க விளைவு தான், அவருக்கு அது செய்தியே இல்லை. எனக்கு அது என் குடும்பம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கணவராவது தயாராக இருந்திருப்பார்.

இன்னொன்று. ரிபாவைரின் கருவைப் பாதிக்கும். சிகிச்சை நடக்கும்போதும் முடிந்து ஆறு மாதம் வரையும் கர்ப்பம் கூடவே கூடாது என்பது அப்போதைய விதி. 48 வாரம், பிறகு ஆறு மாதம். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தவளுக்கு அது என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லை.

முடிவில் வைரஸ் இல்லை என்று வந்தது. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது திரும்பியிருந்தது.

ஜனவரி 19

திருத்தம். நேற்று '12 வாரம் கழித்து' என்று எழுதியது தப்பு. இன்டர்ஃபெரான் காலத்தில் மருந்து முடிந்து 24 வாரம் கழித்துத் தான் கடைசித் தீர்ப்பு. இப்போதைய மாத்திரைகளுக்குத் தான் 12 வாரத்தில் பார்க்கிறார்கள். அந்த 24 வாரமும் குணமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன், கைக்குழந்தைச் சட்டை ஒன்றைக் கூட வாங்கி வைத்திருந்தேன். நல்ல காலம் அது, அதைப் பாதியாக வெட்டிவிட்டேனே என்று இருந்தது.

வகை 1க்கு அந்தச் சிகிச்சையில் குணமானவர்கள் பாதிக்கும் குறைவு. இதை ஆரம்பிக்கும்போது எனக்குச் சொன்னார்களா? சொன்னார்கள். "நல்ல வாய்ப்பு இருக்கிறது" என்று சொன்னார்கள்.

ஜனவரி 27

ஸ்கேன் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

2013 முடிவில் சோஃபோஸ்புவிர் என்ற, வைரஸையே நேரடியாகத் தாக்குகிற மாத்திரை வந்தது. அடுத்த வருடம் லெடிபாஸ்விரோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவே வந்துவிட்டது. ஊசி வேண்டாம், வகை 1க்குப் பெரும்பாலும் ரிபாவைரினும் வேண்டாம். ஆனால் விலையைப் பார்த்து மிரண்டுபோய், பணம் கட்ட வேண்டிய காப்பீடுகளும் அரசுகளும் பல இடங்களில் வரிசை போட்டன. ஈரலில் தழும்பு முற்றியவர்களுக்கு முதலில், மற்றவர்கள் அப்புறம். தழும்பை எஃப்0 முதல் எஃப்4 வரை பிரிப்பார்கள். எஃப்4 என்றால் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிக் கெட்டிப்பட்ட நிலை. எனக்குச் சொன்ன விதி: எஃப்3 இருந்தால் மருந்து உண்டு.

2015ல் ஃபைப்ரோஸ்கேனுக்குப் போனேன். விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு கருவியை வைத்து டொக் டொக்கென்று தட்டி, ஈரல் எவ்வளவு விறைப்பு என்று கிலோபாஸ்கலில் சொல்வார்கள். 9.8 என்று வந்தது. எஃப்3! வெளியே வந்து கணவருக்கு போன் போட்டு, "கிடைத்துவிட்டது" என்றேன். அவர் மருந்து என்று நினைத்தார். நான் சொன்னது நோயை.

அப்புறம் அந்தத் தொழில்நுட்பர் ஓடி வந்து, "சாப்பிட்டுவிட்டா வந்தீர்கள்?" என்றார். ஆமாம், நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். வெறும் வயிற்றில் வர வேண்டும், குறைந்தது மூன்று மணி நேரம், சாப்பிட்டால் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி அளவு ஏறிவிடும் என்றார். சந்திப்புச் சீட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. மறுவாரம் பட்டினியாகப் போனேன். 6.4. எஃப்1 என்று எழுதிக் கொடுத்தார்கள்.

உங்கள் ஈரல் நன்றாக இருக்கிறது என்று கேட்டு ஒரு மனுஷி அழுததை அந்த அறை அதற்கு முன் பார்த்திருக்காது.

ஜனவரி 28

"மூன்றாவது தடவை சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாமே" என்று எழுதியவருக்கு: யோசிக்காமல் இருந்திருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்?

பிப்ரவரி 2

இத்தனை எழுதிய பிறகு இன்று பல் தேய்க்கும்போது உறைத்தது. கேள்வி கேட்டவரிடம் அடிப்படையான ஒன்றை நான் கேட்கவே இல்லை. அப்பாவுக்குப் பாசிட்டிவ் என்று வந்தது எந்தச் சோதனையில்? முதலில் எடுப்பது பெரும்பாலும் ஆன்டிபாடி சோதனை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற பொருளைத் தேடுவது. இந்த வைரஸை உடம்பு எப்போதாவது சந்தித்திருக்கிறது என்பதை மட்டும் தான் அது சொல்லும். தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் வைரஸ் தானாகப் போய்விடுகிறது, ஆனால் ஆன்டிபாடி தங்கிவிடும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்று தெரிய, வைரஸின் மரபுப் பொருளையே தேடுகிற ஆர்.என்.ஏ. சோதனை வேண்டும். இது தெரியாமல் பயந்தவர்களும், இது தெரிந்தும் சோதனைக்கு எழுதிக் கொடுக்காத டாக்டர்களும் நிறைய.

விசாரிக்காமல் பாடம் எடுப்பது பற்றித் தான் இத்தனை நாளாகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி.

பிப்ரவரி 3

அவர் பதில் போட்டிருக்கிறார். ஆன்டிபாடி மட்டும் தானாம். ஆர்.என்.ஏ.-க்கு ரத்தம் கொடுத்து இரண்டு வாரமாகிறது, முடிவு வரவில்லை. அதற்குள் வீட்டில் அப்பாவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். அவருக்கே அது சரி என்று தோன்றுகிறதாம், "பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு" என்கிறாராம்.

தம்ளரைத் திருப்பிக் கொடுங்கள். இது ரத்தத்தில் பரவுகிற வைரஸ். சேர்ந்து சாப்பிட்டால், கட்டிப்பிடித்தால், இருமினால் வராது. தனியாக வைக்க வேண்டியவை சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. அவ்வளவு தான். என் கணவரோடு இத்தனை வருடம், சோதனையில் அவருக்கு ஒருமுறை கூட இல்லை.

எனக்கும் ஒரு தம்ளர் இருந்தது. வீட்டில் யாரும் ஒதுக்கவில்லை, நானே ஒதுக்கிக்கொண்டேன். பல் மருத்துவரிடம் நோயைச் சொன்னதும் என்னை அன்றைய கடைசி ஆளாக மாற்றினார். எல்லாருக்கும் செய்கிற அதே கிருமி நீக்கம் தான் எனக்கும், நேரம் மாறினால் வைரஸுக்கு என்ன? அடுத்த பல் மருத்துவரிடம் சொல்லவே இல்லை. அது சரியா என்று கேட்காதீர்கள், எனக்கே அதில் தெளிவு கிடையாது.

பிப்ரவரி 11

ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். 'உங்களுக்காவது முடிவு என்று ஒன்று இருக்கிறது' என்று. அவர் சொல்வது நியாயம். சி வைரஸ் செல்லின் கருவுக்குள் போய் ஒளிந்துகொள்வதில்லை, அதனால் துரத்தினால் போய்விடுகிறது. பி அப்படி இல்லை. அதன் மரபுப் பொருள் ஈரல் செல்லின் கருவுக்குள்ளேயே தங்கிவிடும். டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் அடக்கி வைக்கும், பெரும்பாலோருக்கு முழுசாகத் துடைக்காது. பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சி-க்கு இல்லை. ஒன்று கொடுத்து ஒன்று பிடுங்கிக்கொண்ட மாதிரி.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2022ல் நாள்பட்ட பி உள்ளவர்கள் 25 கோடியே 40 லட்சம், சி உள்ளவர்கள் 5 கோடி. அவர் கூட்டம் பெரிசு. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மூடுமுன் ஒன்று, அப்பாவுக்காக: சி-க்கு மாத்திரை தொடங்க வேண்டி வந்தால் பி சோதனையும் எடுத்தார்களா என்று கேளுங்கள். சி-யை விரட்டும்போது அடங்கிக் கிடந்த பி தலைதூக்கலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016ல் இந்த மருந்துகளின் தாளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது இதற்குத் தான்.

பிப்ரவரி 20

'ஆனால்' சொன்ன டாக்டர்.

2006. இன்டர்ஃபெரான் தோற்று ஒரு வருடம். இன்னொரு சுற்று போடுங்கள், அளவைக் கூட்டிப் போடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு போனேன். அவர் கோப்பைப் புரட்டினார். "அவசரமில்லை, ஆனால் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. இதே மருந்தை இரண்டாம் தடவை போட்டால் உங்கள் வகைக்கு வாய்ப்பு குறைவு. உங்கள் மனசும் ஒருமுறை உடைந்திருக்கிறது. நேரடியாக வைரஸையே தாக்குகிற மாத்திரைகள் ஆராய்ச்சியில் இருக்கின்றன. ஈரல் தாங்கும், காத்திருங்கள்."

ஆராய்ச்சியில் இருக்கிறது என்றால் எனக்கு அப்போது 'போய் வா' என்று அர்த்தம். எழுந்து வந்துவிட்டேன், நன்றி கூடச் சொல்லவில்லை. பல வருடம் அவரை என் பட்டியலில் முதல் எதிரியாக வைத்திருந்தேன். இப்போது இந்தக் குறிப்புகளுக்காகப் பழைய கோப்பை எடுத்துத் தேதி தேதியாகப் பார்க்கிறேன். ஆறு பேரில் என் பழைய முடிவுகளை முழுசாகப் படித்தவர் அவர் ஒருவர் தான். காரணம் சொன்னவரும் அவர் ஒருவர் தான். மற்றவர்கள் சொன்னதும் அதே 'காத்திரு' தான். எதற்கு, எதுவரை என்பதை மட்டும் சொல்லவில்லை.

சோஃபோஸ்புவிர் வர அதற்கப்புறம் ஏழு வருடம் ஆனது. அதற்குள் என் ஈரல் முற்றியிருந்தால் இவரைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 21

2017ல் எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறார்கள். விதி தளர்ந்தது, அவ்வளவு தான். ஒரு நாள் போன் வந்தது, "இப்போது எஃப்1க்கும் தருகிறார்கள்." நான் செய்த எதுவும் காரணமில்லை. 2018ல் உலக சுகாதார நிறுவனமே 12 வயதுக்கு மேல் தொற்றுள்ள ஏறக்குறைய எல்லாருக்கும், ஈரல் எந்த நிலையில் இருந்தாலும், சிகிச்சை என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2022ல் மூன்று வயது வரை கீழே இறக்கியது.

எனக்குக் கொடுத்தது சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்தது. தினம் ஒன்று. மருந்துச் சீட்டை வாங்கிய மருந்தாளுநர், "வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?" என்றார். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் என்றேன். "டாக்டர் கேட்கவில்லையா?" கேட்கவில்லை. வெல்பட்டாஸ்விர் உடம்பில் ஏற வயிற்றில் அமிலம் வேண்டும், ஒமெப்ரசோல் அதைத் தான் குறைக்கிறது. அவரே டாக்டருக்கு போன் போட்டு, நான் அதை நிறுத்தலாம் என்று கேட்டு வாங்கினார். 14 வருடம் காத்திருந்த மருந்து ஒரு நெஞ்செரிச்சல் மாத்திரையால் கெட்டிருக்கும்.

மற்றபடி அந்த 12 வாரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் வாரம் தலைவலி. ஏதாவது நடக்கும், நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை, வைரஸ் மட்டும் போய்விட்டது. களைப்பு போக இன்னும் ஒரு வருடம் ஆனது. அது வைரஸால் வந்ததா வயசால் வந்ததா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

மார்ச் 9

அப்பாவின் முடிவு வந்துவிட்டதாம், ஏழு வாரம் கழித்து. ஆர்.என்.ஏ. இல்லை. எப்போதோ வந்து எப்போதோ தானாகப் போயிருக்கிறது. 12 வாரமும் வேண்டாம், 12 நாளும் வேண்டாம்.

மாதிரி ஆய்வகத்துக்குப் போய், முடிவு வேறு பிரிவுக்குப் போய், அங்கே யாரும் பார்க்காமல் கிடந்திருக்கிறது. மகன் நேரில் போய்க் கேட்ட அன்று ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்களாம். "இப்போது எனக்கும் திட்ட வருகிறது" என்று எழுதியிருக்கிறார். வாருங்கள், இடம் இருக்கிறது.

அப்பா முதல் வேலையாகத் தனித் தம்ளரைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாராம். நல்ல தம்ளராம். மருமகளுக்கு அதில் வருத்தம்.

மார்ச் 10

அவருக்கு ஒன்று சொல்ல மறந்தேன். அந்த ஆர்.என்.ஏ. தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், ரெண்டு மூணு நகலும் எடுக்கச் சொல்லுங்கள். ஆன்டிபாடி இனி எங்கே எடுத்தாலும் பாசிட்டிவ் என்று தான் வரும். ஒவ்வொரு புது ஆஸ்பத்திரியிலும் முதலில் இருந்து விளக்க வேண்டும். இன்னொன்று, ஒருமுறை வந்து போனதால் இனி வராது என்று இல்லை. மறுபடி தொற்றலாம்.

ஜூன் 23

முழங்கால் வலிக்காக நேற்று ஒரு புது இடத்துக்குப் போனேன். படிவத்தில் ஒரு வரி. 'ஹெபடைடிஸ் சி: உண்டு / இல்லை.' இரண்டையும் அடிக்காமல் பக்கத்தில் 'இருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வரவேற்பில் இருந்த பெண் படிவத்தோடு வந்து, "மேடம், கம்ப்யூட்டரில் இரண்டில் ஒன்று தான் போட முடியும்" என்றார்.

வைரஸ் இல்லை என்கிற என் ஆர்.என்.ஏ. தாள் கைப்பையில் இருந்தது, 2018 தேதியிட்டது, மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டது. எடுத்துக் காட்டினேன். பாவம், அந்தப் பெண் அதை முழுசாகப் படித்தார். படித்துவிட்டு, "அப்போ இல்லை என்று போடட்டுமா?" என்று என்னையே கேட்டார்.

போடுங்கள் என்றேன்.